பூட்டிய வாயிலும் திறந்த கொல்லையும்

நோய்த்தொற்றுக் காலத்தில் மக்கள் நடமாட்டத்தைத் தடுத்து வைப்பதால் பயனுண்டா, இல்லையா என்னும் வழக்கு, கொவிட்-19 நோய் தணிந்து ஆண்டுகள் சில கடந்த பின்னரும் ஓய்ந்தபாடில்லை. பள்ளி ஆசிரியர் அறையிலும், திருமணப் பந்தியிலும், சங்கக் கூட்டங்களிலும் இன்றும் அது தலைதூக்குகின்றது. தலைதூக்கும்போதெல்லாம் ஓர் அட்டவணையும் உடன் வருகின்றது. ஒரு பக்கம் ஒரு நாட்டின் பெயர். மறுபக்கம் வேறொரு நாட்டின் பெயர். இரண்டிற்கும் நேரே இறந்தோர் தொகை. "அடைத்த நாட்டிலும் மாண்டனர், அடைக்காத நாட்டிலும் மாண்டனர், பிறகு எதற்கு அந்த அடைப்பு?" என்று ஒருவர் வினவ, சுற்றியிருப்போர் தலையசைக்கின்றனர். வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டதாக எண்ணிக் கலைகின்றனர்.

எண்ணைக் கண்டதும் வாதத்தை முடித்துக்கொள்வது கற்றோரிடமும் காணப்படும் பழக்கமாகிவிட்டது. கணக்கு ஆசிரியர் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் தருவதில்லை. வழிமுறையைக் காட்டச் சொல்கின்றார். நாடுகளை ஒப்பிடும் அட்டவணைக்கு மட்டும் அவ்விதி ஏன் பொருந்தாமற் போகின்றது? யாரை யாரோடு ஒப்பிட்டனர், எந்நாள் தொடங்கி எந்நாள் வரை எண்ணினர், முடக்கம் என்று எதனைக் குறித்தனர் என்று கேட்டுப் பார்த்தால், கைபேசி வழியே உலவும் அட்டவணைகளுள் பெரும்பாலானவை நில்லா. கேட்ட பின்னரும் நிற்கும் ஒப்பீடுகள் சில உள. அவை, முடக்கம் நோயைத் தடுத்தது என்றே காட்டுகின்றன. அதே வேளையில், அது எவரைக் காத்தது, எவரைக் கைவிட்டது என்பதையும் காட்டுகின்றன. 'பயனில்லை' என்போர் முன்னதை மறைக்கின்றனர். 'செய்தவை யாவும் சரியே' என்போர் பின்னதை மறைக்கின்றனர்.

முதலில் சொல்லை ஆராய்தல் தகும். தமிழாசிரியர்க்கு இது கைவந்த வேலை. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் தொடங்கியதற்கு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று பெயர். சிங்கப்பூரில் அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் சூன் 1 வரை நடப்பிலிருந்தது நோய்ப்பரவல் முறியடிப்பு எனப்பட்டது. தமிழ்நாட்டில் ஊரடங்கு என்றனர். அச்சொல்லைக் கேட்டால் மலேசிய முதியோர்க்கு 1969ஆம் ஆண்டின் மே மாதமே நினைவுக்கு வரும். பெயர்கள் வேறுபட்டது போலவே பொருளும் வேறுபட்டது. மலேசியாவில் குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சென்று பொருள் வாங்கி வரலாம் என்றிருந்தது. சுவீடனில் ஐம்பதின்மர்க்கு மேல் கூடலாகாது என்றிருந்தது. இரண்டையும் 'கட்டுப்பாடு' என்னும் ஒரே சொல்லில் அடக்கலாம். கஞ்சியையும் கல்யாண விருந்தையும் 'உணவு' என்னும் ஒரே சொல்லில் அடக்கலாம் அன்றோ, அது போல! ஆனால் அச்சொல்லை வைத்துக்கொண்டு பசி தீர்ந்ததா என்று கணக்கிடப் புகுந்தால், கணக்கு என்னவாகும்?

அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். 2020 சூன் மாதம் 'நேச்சர்' இதழில் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் ஒரு கணிப்பை வெளியிட்டனர். ஐரோப்பாவின் 11 நாடுகளில், மே மாதத் தொடக்கம் வரையில் மட்டும், கட்டுப்பாடுகளால் ஏறத்தாழ 31 இலட்சம் உயிர்கள் பிழைத்தன என்பது அதன் முடிவு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொருளியலார் மூவர், அவருள் ஒருவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர், வேறோர் ஆய்வுரையை வெளியிட்டனர். பற்பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2020ஆம் ஆண்டு முதல் அலையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முடக்கம் இறப்பைக் குறைத்தது சராசரியாக 0.2 விழுக்காடே என்றனர். ஒரே நோய், ஏறத்தாழ அதே மாதங்கள், அதே ஐரோப்பா. ஒருவர் கண்ணுக்கு முப்பத்தோர் இலட்சம் உயிர், மற்றவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை! பயனுண்டு என்போர் முதலாவதை நெஞ்சோடு அணைத்தனர். பயனில்லை என்போர் இரண்டாவதைப் பட்டயம் போல் தூக்கிக் காட்டினர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தவர் மிகச் சிலரே.

படித்திருந்தால் இரண்டின் குறையும் விளங்கியிருக்கும். முதலாவது, ஆணை பிறந்த பின்னர் நிகழ்ந்த தணிவை ஆணையின் வரவாகவே எழுதிக்கொண்டது. அண்டை வீட்டார் இறந்ததைக் கேட்டு அஞ்சித் தாமாகவே வீட்டில் தங்கியவரும் அக்கணக்கில் ஆணைக்குக் கட்டுப்பட்டவராயினர். இரண்டாவதன் குறை இன்னும் பெரிது. கட்டாய நடவடிக்கை ஒன்றேனும் இருந்தால் அது முடக்கம் என்று அவ்வுரை இலக்கணம் வகுத்தது. அவ்விலக்கணப்படி, கடைக்குள் முகக்கவசம் அணிந்து செல்க என்னும் விதி ஒன்றே போதும். அந்நாடு முடங்கிய நாடாகிவிடும்! நூற்பாவில் இத்தகைய மிகைபடக் கூறலைக் கண்டால் இலக்கண மாணவரே நகைப்பர். 0.2 என்னும் எண்ணின் அழகில் மயங்கிய பெரியோர் நகைக்கவில்லை.

இனி, சுவீடனுக்கு வருவோரே மிகுதி ஆதலின் அந்நாட்டைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். சுவீடன் அடைக்கவில்லை, ஆயினும் அழியவில்லை என்பது அவர்தம் வாதம். அழியவில்லை என்பது மெய். ஆனால் அதனை இத்தாலியோடும் இங்கிலாந்தோடும் ஒப்பிடுவது ஏன்? அவ்விரு நாடுகளிலும் ஆணை பிறக்குமுன்னரே நோய் ஊரெங்கும் வேரோடியிருந்தது. சுவீடனுக்கு ஒப்பான நாடுகள் அதன் எல்லையிலேயே உள்ளன. நார்வே, பின்லாந்து, டென்மார்க்கு ஆகிய மூன்றின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகையையும் கூட்டினால் ஒரு கோடியே 67 இலட்சம் வரும். சுவீடனில் அவ்வாண்டு வாழ்ந்தோர் ஒரு கோடியே 3 இலட்சத்தினர். குளிர், உணவு, மருத்துவமனை, அரசின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கை ஆகியவற்றில் நான்கும் உடன்பிறப்புகள். 2020ஆம் ஆண்டு முடிவில் அம்மூன்று நாடுகளிலும் கொவிட் நோயால் இறந்தோர் எல்லாருமாக 2,500க்கும் குறைவு. நார்வேயில் மட்டும் பார்த்தால் 500க்கும் குறைவு. சுவீடனில் இறந்தோர் 9,000க்கும் மேல். உடன்பிறந்தோருக்குள் இத்துணை வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இங்கே எதிர்வாதியார் ஒரு நல்ல வினாவைக் கேட்பர். அதனை மழுப்புதல் நேர்மையன்று. 2020 முதல் 2022 முடிய மூன்றாண்டுகளையும் சேர்த்து, வழக்கமான இறப்பைவிட மிகுதியாக நிகழ்ந்த இறப்பைக் கணக்கிட்டால், ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றாகச் சுவீடன் நிற்கின்றதே, அதற்கு என்ன சொல்வீர் என்பர். அக்கணக்கு சரியானதே. ஆனால் அதற்குள் இரு வேறு காலங்கள் கலந்துள்ளன. தடுப்பூசிக்கு முன் ஒரு காலம்; பின் ஒரு காலம். அண்டை நாடுகள் தம் முதியோரைத் தடுப்பூசி வரும்வரை பிடித்து வைத்துக் காத்தன. சுவீடனின் முதியோர் இல்லங்களில் 2020ஆம் ஆண்டே பல்லாயிரவர் மாண்டனர். அவர்கள் மூன்றாண்டுச் சராசரியைக் காண இருக்கவில்லை.

சுவீடன் அடைக்கவே இல்லை என்பதும் பாதி மெய்யே. 2020 மார்ச் 17ஆம் நாளே அந்நாடு மேல்நிலைப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் வீட்டுவழிக் கல்விக்கு மாறச் சொன்னது. மார்ச் மாத இறுதியில் ஐம்பதின்மர்க்கு மேற்பட்ட கூட்டங்களைத் தடை செய்தது. ஏப்ரல் முதல் நாள் தொடங்கி முதியோர் இல்லங்களுக்கு உறவினர் செல்வதையும் நிறுத்தியது. அந்நாடே அமைத்த விசாரணைக் குழு 2022 பிப்ரவரியில் தந்த இறுதி அறிக்கையில், தன்விருப்பத்தை நம்பிய நெறி பொதுவில் ஏற்புடையதே எனினும், தொடக்கத்தில் இன்னும் விரைவான, இன்னும் கடுமையான நடவடிக்கைகள் எடுத்திருக்க வேண்டும் என்று எழுதியது. சுவீடனைத் தம் வழக்கறிஞராகக் கொண்டோர், சுவீடனே அளித்த வாக்குமூலத்தைப் படிக்க மறந்தனர். அந்நாட்டில் ஒருவரோ இருவரோ வாழும் இல்லங்களே மிகுதி என்பதையும் அவர் கருதிற்றிலர். கோலாலம்பூர் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்கு வீடொன்றில், மூன்று அறைக்குள் மூன்று தலைமுறை வாழ்கின்றது. அங்கே 'இயன்றவரை விலகியிருங்கள்' என்னும் அறிவுரையை எந்த மூலையில் நின்று கடைப்பிடிப்பது?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழைய மொழி. இவ்வழக்கில் அதற்கு நேர்மாறான மயக்கமும் ஒன்றுண்டு. நோய் கடுமையாகத் தாக்கிய இடத்தில்தான் கட்டுப்பாடும் கடுமையாக வரும். பின்னர், கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடத்தில் இறப்பும் மிகுதி என்று அட்டவணை எழுதுவர். மருத்துவர் அடிக்கடி வந்துபோகும் வீட்டில் சாவு மிகுதி, ஆதலின் சாவுக்கு மருத்துவரே காரணர் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? இம்மயக்கம் நீங்க வேண்டுமாயின், நோய் நுழைந்த நாளுக்கும் கதவடைத்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்த ஒப்பீடு நூற்றாண்டுக்கு முற்பட்டது. 1918ஆம் ஆண்டு உலகை உலுக்கிய சளிக்காய்ச்சல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செப்டம்பர் 17ஆம் நாள் கண்டறியப்பட்டது. அதற்குப் பின்னும் அந்நகர் செப்டம்பர் 28ஆம் நாள் போர்க்கடன் ஊர்வலத்தை நடத்தியது. பெருந்திரளாக மக்கள் கூடினர். பள்ளிகளும் கூட்டங்களும் நிறுத்தப்பட்டது அக்டோபர் 3இல்தான். செயின்ட் லூயிஸ் நகரில் அக்டோபர் 5ஆம் நாள் நோய் கண்டது. 7ஆம் நாளே அடைத்தனர். ஒன்றுக்குப் பதினாறு நாள். மற்றொன்றுக்கு இரண்டு நாள். நோய் உச்சத்திலிருந்த வாரத்தில், ஓர் இலட்சம் பேருக்குப் பிலடெல்பியாவில் 257 பேர் இறந்தனர்; செயின்ட் லூயிசில் 31 பேர். செயின்ட் லூயிஸ் தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின்னர் அங்கும் நோய் மீண்டும் ஏறியது. தளர்த்தியதும் ஏறியது என்பது கட்டுப்பாடு பயனற்றது என்பதற்குச் சான்றா, பயனுடையது என்பதற்குச் சான்றா?

தொலைவில் உள்ள நகரங்கள் எதற்கு என்போர் பினாங்கில் 1879ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் வூ லியென் தேயை நினைவுகூரலாம். 1910ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் பரவியபோது அவர் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட நோய் அது. சீனப் புத்தாண்டுக்காகத் தொழிலாளர் இருப்பூர்தி ஏறி ஊர் திரும்பும் வேளை. வூ, நோய் மிகுந்த பகுதியை நான்காகப் பிரித்தார்; ஒரு பகுதியினர் மறு பகுதிக்குச் செல்வதைத் தடுத்தார்; இருப்பூர்திப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தச் செய்தார். ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. நோயாளியோடு பழகியவரை, நெரிசலான விடுதிகளிலேயே பூட்டி வைக்காமல், சரக்கு இருப்பூர்திப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி அவற்றில் பிரித்துத் தங்க வைத்தார். 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் அற்றது. தடுத்தால் மட்டும் போதாது, தடுக்கப்பட்டவர்க்குத் தனியிடம் வேண்டும் என்பதை உணர்ந்த அம்மலாயா மருத்துவரை, அவர் பிறந்த நாடு 2020ஆம் ஆண்டு பெருமையுடன் நினைத்துக்கொண்டது. அவர் செய்ததையும் நினைத்திருந்தால் இன்னும் நன்று.

மலேசியாவின் முதல் ஆணை, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகவில்லை. ஸ்ரீ பெட்டாலிங்கில் 2020 பிப்ரவரி இறுதியில் நடந்த சமயக் கூட்டத்தில் ஏறத்தாழ 16,000 பேர் கலந்துகொண்டிருந்தனர். அதன் வழியாக நோய் மாநிலங்கள் தோறும் சென்றுவிட்டது. மார்ச் 17இல் முதல் இருவர் இறந்தனர். மறுநாளே ஆணை நடப்புக்கு வந்தது. அன்று நாட்டில் தொற்றுக் கண்டிருந்தோர் மொத்தம் 800க்கும் குறைவு. மே 4இல் ஆணை தளர்ந்தது; சூன் 10இல் மேலும் தளர்ந்தது; சூலை முதல் நாள் நாடு முழுவதிலும் பதிவான புதிய தொற்று ஒன்றே ஒன்று. தடுப்பூசி அப்போது இல்லை. நோய் தானாகத் தளர்ந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. எஞ்சிய உலகில் அது அவ்வேளை கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

பின்னர் நிகழ்ந்ததும் ஒரு சான்றே. செப்டம்பர் 26இல் சபா மாநிலத் தேர்தல் நடந்தது. தலைவரும் தொண்டரும் கடல் கடந்து சென்றனர், கூடினர், திரும்பினர். தொற்று ஏறியதற்கு அத்தேர்தலும் ஒரு காரணம் என்பதை அன்றைய பிரதமர் முகைதீன் யாசினே ஒப்புக்கொண்டார். அக்டோபர் 24இல் ஒரு நாள் தொற்று முதன்முறையாக ஆயிரத்தைக் கடந்தது. நடமாட்டத்தைத் தடுத்தபோது நோய் ஒன்றாகக் குறைந்தது. நடமாட்டத்தைத் திறந்தபோது ஆயிரமாகப் பெருகியது. அதே நாடு, அதே மக்கள், அதே ஆண்டு. இதனினும் நெருங்கிய ஒப்பீடு வேண்டுமாயின் எங்கே சென்று தேடுவது?

ஆனால் 'பயனில்லை' என்போர் இந்த 2020ஆம் ஆண்டைத் தாண்டி நேரே 2021க்குச் செல்கின்றனர். சூன் முதல் நாள் முழு முடக்கம் நடப்புக்கு வந்தது. ஆகஸ்டு 26இல் ஒரு நாள் தொற்று 24,599 ஆனது. முடக்கியும் பெருகியதே என்கின்றனர். எண்கள் இரண்டும் மெய். 2020 முடிவில் 471ஆக இருந்த மொத்த இறப்பு, 2021 முடிவில் 31,000ஐத் தாண்டியதும் மெய். முன்னதைவிட மிக விரைந்து பரவும் டெல்டா வகைக் கிருமி அவ்வாண்டு வந்தது என்பது ஒரு காரணம். ஆயினும் அதனை மட்டும் சொல்லி நழுவுவது தவறு. 2021 சூன் மாதத்து முழு முடக்கம் எதனை முடக்கியது என்று பார்க்க வேண்டும்.

பள்ளியை முடக்கியது. முடிதிருத்தும் கடையையும் துணிக்கடையையும் முடக்கியது. கோயிலையும் பூங்காவையும் முடக்கியது. இன்றியமையாத் தொழில்கள் என்னும் பட்டியலில் இடம்பெற்ற உற்பத்திச் சாலைகள் 60 விழுக்காட்டுத் தொழிலாளரோடு இயங்க இசைவு பெற்றன. பட்டியலோ நீண்டிருந்தது. அந்நாள்களில் சுகாதார அமைச்சு வெளியிட்டு வந்த தொற்றுத் திரள் பட்டியல்களில் பணியிடத் திரள்களே முன்னின்றன என்பதைச் செய்தித்தாள் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார். இஃது எதிர்பாராத நிகழ்வும் அன்று. ஏழு மாதங்களுக்கு முன்னரே, 2020 நவம்பரில், கிள்ளான் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர்க்குத் தொற்றுக் கண்டிருந்தது. நாட்டின் அயல்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரின் தங்குமிடம் சட்டம் வகுத்த தகுதிச் சான்றைப் பெறவில்லை என்று மனிதவள அமைச்சே அவ்வாண்டு இறுதியில் கூறியது. வீட்டின் வாயிலைப் பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தனர். கள்வன் புகுந்தான். பூட்டினால் பயனில்லை என்று பூட்டின் மேல் பழி போடுகின்றனர்!

அம்முடக்கத்தின் துன்பத்தைச் சுமந்தோர் யார்? 2021 சூலையில் அடுக்கு வீடுகளின் சன்னல்களில் வெண்கொடிகள் தொங்கின. உணவில்லை, உதவுங்கள் என்பது அவற்றின் பொருள். கிள்ளான் மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் நோயாளிகள் காத்துக் கிடந்தனர். அன்றாடம் உழைத்து உண்பவன் வீட்டில் இருந்தால் பசி. தொழிற்சாலைக்குச் சென்றால் தொற்று. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டவர்களுள் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களும் பல. முடக்கம் பயனற்றது என்னும் முடிவு, கொல்லைக் கதவைத் திறந்தவர்களுக்கே மிகவும் உவப்பானது. கருவியே பழுது என்றாகிவிட்டால் கையாண்டவனை எவரும் வினவார். இதனை அறியாமலே, வெண்கொடி கட்டியவர்களும் அம்முடிவைப் பரப்பிக்கொண்டிருப்பதுதான் வேதனை.

பூட்டு எவரைக் காத்தது என்பதற்குச் சிங்கப்பூர் மிகத் தெளிவான சான்று. ஒரே தீவு, ஒரே அரசு, ஒரே ஆணை, ஒரே நாள்கள். 2020 ஏப்ரல் 7இல் கட்டுப்பாடு தொடங்கியது. வீடுகளில் வாழ்ந்த பொதுமக்களிடையே தொற்று மே மாத இறுதியில் நாளொன்றுக்கு ஒற்றை இலக்கத்தை எட்டியது. அதே காலத்தில் தொழிலாளர் விடுதிகளில் நிகழ்ந்தது வேறு. ஏப்ரல் 20இல் ஒரே நாளில் பதிவான 1,426 தொற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை அவ்விடுதிகளைச் சார்ந்தவை. ஓர் அறையில் பத்துப் பன்னிருவர், பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை. அவ்விடுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3,23,000 பேர். அவருள் தமிழ்நாட்டு இளைஞரும் மிகப் பலர். அவ்வாண்டு திசம்பரில், அவருள் 47 விழுக்காட்டினர்க்குத் தொற்று வந்து சென்றிருந்தது என்று அரசு அறிவித்தது. இளைஞராதலின் பெரும்பாலோர் பிழைத்தனர். நாடு முழுவதிலும் அவ்வாண்டு இறந்தோர் 29 பேரே. பின்னர் புதிய விடுதிகளுக்கு இடநெருக்கம் குறைந்த விதிகள் வகுக்கப்பட்டன. சிங்கப்பூரை ஒரே வரியாக எழுதிய அட்டவணையில் இந்த இரு தீவுகளும் ஒன்றாகிவிடும். பிரித்துப் பார்ப்பவர்க்கே, தனித்திருக்க அறையுடையவனை முடக்கம் காக்கும், அறையில்லாதவனை நோயோடு சேர்த்துப் பூட்டும் என்பது தெரியவரும்.

தென்னமெரிக்காவின் பெரு நாடும் இதையே வேறு வகையில் கூறும். 2020 மார்ச் 16இல், மலேசியாவுக்கும் முன்பாக, இராணுவத்தைத் தெருவில் நிறுத்தி அந்நாடு அடைத்தது. ஆயினும் உலகிலேயே மக்கள்தொகைக்கு மிகுதியான இறப்பைக் கண்ட நாடுகளுள் ஒன்றாயிற்று. 2021 மே மாத இறுதியில் தன் இறப்புக் கணக்கைத் திருத்தி 1,80,000 என்று அறிவித்தது. காரணங்களுள் ஒன்று குளிர்ப்பெட்டி. அந்நாட்டு இல்லங்களுள் ஏறத்தாழ பாதிக்கு அப்போது அது இல்லை. நாள்தோறும் சந்தைக்குச் செல்லாமல் சமைக்கவியலாது. சந்தையிலோ தோளோடு தோள் இடிக்கும் நெரிசல். அரசு அளித்த உதவித் தொகையைப் பெறவும் வங்கி வாயிலில் வரிசை. ஆணை வீட்டில் இரு என்றது. அடுப்பு வெளியே போ என்றது. மக்கள் அடுப்புக்குக் கீழ்ப்படிந்தனர்.

ஆகவே முடக்கம் காத்தது என்று மார்தட்டுவோர்க்கும் ஒரு கணக்குக் காத்திருக்கின்றது. நோயைத் தடுத்தோம் என்பதனால் செய்தவை யாவும் சரியாகிவிடா. பள்ளிகளின் நிலை அதற்குச் சான்று. நார்வே கடுமையாகவே அடைத்தது. ஆனால் அடைத்த ஆறாவது வாரத்தில், 2020 ஏப்ரல் 20இல், குழந்தைப் பள்ளிகளைத் திறந்தது. அடுத்த வாரம் தொடக்கப் பள்ளியின் கீழ் வகுப்புகளைத் திறந்தது. இறப்பு ஏறவில்லை. சிங்கப்பூர் சூன் 2இல் பள்ளிகளைப் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது. இவ்விரு நாடுகளும் முதலில் திறக்க வேண்டியது எது என்பதை அறிந்திருந்தன.

மலேசியாவில் வரிசை தலைகீழாயிற்று. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளியின் கீழ் வகுப்புகள் சூலை 22இல் திறந்தன. நவம்பரில் மீண்டும் மூடின. 2021 மார்ச்சில் திறந்து, மே மாதத்தில் மீண்டும் மூடின. அக்டோபர் 3 முதல்தான் கட்டங் கட்டமாகத் திறந்தன. இடையில் நடந்த இல்லிருப்புக் கற்றலின் தரத்தை அளக்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. தந்தையின் கைபேசி ஒன்று; பிள்ளைகள் மூவர்; தந்தை இரவு வேலை முடிந்து வந்த பிறகே பாடம். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் தோட்டப்புறப் பள்ளிகள் பல. அங்கே கைபேசி இருந்தாலும் அலைவரிசை இல்லை. பயிற்சித் தாள்களைப் படியெடுத்து வீடு வீடாகக் கொண்டு சென்ற ஆசிரியர்களின் உழைப்பு எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

முடக்கம் பயன் தந்ததா என்னும் வினாவை எழுப்புவோர் இதனையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். முதல் ஆறு வாரங்கள் பள்ளியை மூடியதற்கு விடை உண்டு. 2020 சூலையின் அந்த ஒற்றைத் தொற்றே விடை. பதினெட்டு மாதங்களுக்குள் மீண்டும் மீண்டும் மூடியதற்கு அந்த விடை பொருந்தாது. சுவீடனைப் பற்றி ஓயாது பேசுவோர், பதினாறு வயதுக்குட்பட்டோரின் பள்ளிகளை அந்நாடு திறந்தே வைத்திருந்தது என்பதைச் சொல்லி, அதனை இங்கு ஏன் செய்யவில்லை என்று அரசைக் கேட்டிருந்தால் அவர்தம் ஒப்பீட்டுக்கு ஒரு பயன் விளைந்திருக்கும். அவர் கேட்டதோ தம் கடையை ஏன் மூடினர் என்பதே.

2020 சனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, 2021 அக்டோபரில் பள்ளி வாயிலை மீண்டும் கண்டபோது அதன் பையில் இரண்டாம் ஆண்டுப் பாடநூல் இருந்தது. உயிர்மெய் வரிசையை முதலிலிருந்து மீண்டும் கற்பிக்க நேர்ந்ததை அவ்வகுப்பு ஆசிரியர்கள் அறிவர். பள்ளி பூட்டிக் கிடந்த அம்மாதங்களில், கிள்ளான், ஷா ஆலம் தொழிற்பேட்டைகளுக்குத் தொழிலாளர் பேருந்துகள் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தன.